நோயாளி வேஷம் கட்டும் வீரபாகு

மூச்சு முட்டுவதற்கு முன்னால் வீரபாகு வெற்றிலையைத் துப்பிவிட்டு வாய் கொப்பளித்துக்கொள்வார். வேட்டியை இறுக்கிக் கட்டி, கட்டிலில் ஏறிப் படுத்து, "வரச் சொல்லுமா" என்பார். கதவு திறந்து மாணவிகள் உள்ளே வரும்போது அந்த மனிதர் அங்கே இருக்கமாட்டார். விலா ஏறி இறங்க, கழுத்து நரம்பு புடைக்க, ஓர் ஆஸ்துமாக்காரர் காற்றுக்குத் தவித்துக்கொண்டிருப்பார். நடிப்பு என்று தெரிந்தும், வாசலில் நின்று பார்த்த நான் உதவிக்கு ஆள் தேடித் திரும்பினேன்.

சொந்த ஊர் கூரம். கட்டைக் கூத்தில் ராஜா வேஷம் கட்டுகிறவர். கூத்து இல்லாத நாட்களில், ஏனாத்தூர் பக்கம் ஒரு நர்சிங் கல்லூரியின் பயிற்சி அறையில் நோயாளி வேஷம். அங்கே ரப்பர் பொம்மைகளும் உண்டு. ஊசி போடவும் நெஞ்சை அழுத்தவும் அவை போதும். ஆனால் பொம்மை பயப்படாது, திட்டாது.

"பொம்மைக்கு சொந்தக்காரங்க கெடையாதுப்பா. ஆசுபத்திரில ஒருத்தர் படுத்துக்கினு இருந்தா, சுத்தி நின்னு கத்தறவங்க எத்தினி பேரு" என்கிறார்.

ஆகவே சொந்தக்காரராகவும் அவரே வருவார். மாணவி பொம்மையின் நெஞ்சை அழுத்தும்போது பாய்ந்து வந்து கையைப் பிடித்து இழுப்பார். "எங்க அண்ணன கொல்றியே, உட்டுடுமா" என்று தலையில் அடித்துக்கொள்வார். கண்ணீர் நிஜமாகவே கொட்டும். முதல் தடவை பெரும்பாலோர் கையை எடுத்துவிடுவார்கள். ஆசிரியை துளசி "மறுபடியும்" என்பார். கையை எடுக்காமல் அழுத்தும் வரை மறுபடியும்தான்.

தென்னேரியிலிருந்து பஸ்ஸில் வந்து படித்த சந்தியாவும் அப்படிக் கையை எடுத்து, மூலையில் போய் நின்று அழுதவள். மற்ற மாணவிகளைப் போல அவளும் அவரைப் பெரியப்பா என்றுதான் கூப்பிடுவாள்.

போன வருஷம் ஆடி மாதம். பயிற்சி முடிந்ததும் காமாட்சியம்மன் கோயிலுக்குப் போகலாம் என்று வீரபாகுவின் மனைவி பெரியநாயகியும் கூட வந்து வெளியே உட்கார்ந்திருந்தார். அன்றைக்கும் ஆஸ்துமா வேஷம். ஆக்சிஜன் மாஸ்க்கை முகத்தில் மாட்டிய சந்தியாவின் விரல்களில் சில்லென்று வேர்வை ஒட்டியது.

"மேடம், இது நடிப்பு இல்ல."

பின்னால் யாரோ சிரித்தார்கள். சந்தியா சிரிக்கவில்லை. "மூச்ச இழுக்கலாம், கண்ண சொருகலாம். வேர்வைய எப்படி சார் வரவழைக்க முடியும்?" என்று, இதைச் சொல்லும்போது என்னிடம் கேட்டாள். துளசி ஓடிவந்து பார்த்தார். வீரபாகுவுக்குப் பேச்சு வரவில்லை. கை மட்டும் நெஞ்சைப் பிடித்திருந்தது.

அதே வளாகத்து ஆஸ்பத்திரிக்கு ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொண்டு ஓடினார்கள். நடைபாதையிலேயே மூச்சு நின்றது. ஷாக் கொடுக்கும் கருவியை எடுத்துவர ஒருத்தி பறந்தாள். சந்தியா அழுத்தத் தொடங்கினாள். அதுவரை அவள் அழுத்தியது ரப்பர் நெஞ்சைத்தான்.

பெரியநாயகி பதறி வந்து அவள் கையைப் பிடித்து இழுத்தார். "கொன்னுடாத, உட்டுடுமா."

"எலும்பு ஒடியற சத்தம் கேட்டுது சார். ஒடிஞ்சாலும் நிறுத்தக் கூடாதுன்னு சொல்லிக் குடுத்திருக்காங்க. பெரியம்மா இழுக்கறாங்க. எனக்கு என்னவோ பெரியப்பாவே எழுந்து வந்து இழுக்கற மாதிரி இருந்துது. அவரு இழுத்தா கைய எடுக்கக் கூடாதில்ல. எடுக்கல."

கருவி வந்தது. இரண்டாவது ஷாக்கில் இதயம் மறுபடி துடித்தது.

சாவோடு தோள்மோதி நின்றவள் இருபது வயதைத் தாண்டி அதிக நாளாகாத பெண். அவளை அதற்குத் தயார்செய்தவர் அவள் கைக்குக் கீழேயே நினைவிழந்து கிடந்திருக்கிறார்.

வீரபாகு இதைப் பெருமையாகச் சொல்கிறார். "ஒரு எலும்ப ஒடிச்சிட்டா. நல்லா ஒடிச்சா." வெற்றிலையில் இப்போது புகையிலை இல்லை. கூத்தில் குதிக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். பயிற்சி அறையை மட்டும் விடவில்லை. "இங்க சாவறது ஒண்ணும் கஷ்டமில்லப்பா, படுத்துக்கினே சாவலாம்."

சந்தியா இப்போது அந்த ஆஸ்பத்திரியிலேயே வேலை பார்க்கிறாள். நான் போன அன்று மதியம், பயிற்சி அறையில் வீரபாகு ஏதோ ஒரு ராஜாவின் கோபத்தை எனக்கு நடித்துக் காட்டிக்கொண்டிருந்தார். வெள்ளைக் கோட்டோடு அவள் உள்ளே வந்தாள். வசனம் பாதியில் நின்றது. வீரபாகு மேஜைமேல் மணிக்கட்டைத் திருப்பி வைத்தார். அவள் நாடி பார்த்து முடிக்கும் வரை அசையாமல் உட்கார்ந்திருந்தார்.