நான் கேட்காத செய்தி

சென்ற செவ்வாய்க்கிழமை காலை மாட்டுங்கா மார்க்கெட்டில் வாழையிலை வாங்கிக்கொண்டிருந்தபோது செல்பேசி அடித்தது. சுடலைமுத்துவின் மகள் செல்வி. "மாமா, அப்பா போயிட்டாவ. டீ குடிச்சாவ. உக்காந்த வாக்குலயே…" என்றாள். இலைக்கட்டைக் கடைக்காரரிடமே கொடுத்துவிட்டு டாக்சி பிடித்துத் தாராவிக்குப் போனேன்.

அக்கம்பக்கத்தார் அவரை இன்டர்காம் பழுதுபார்ப்பவராகத்தான் அறிந்திருந்தார்கள். அதிகம் பேசாத மனிதர், பாவம் என்றார்கள். பட்டாளத்தில் அவரோடு இருந்த நமக்கோ அவர் வேறு ஆள். உங்களில் சிலர் அவரைப் பற்றி ஒரு கதை கேள்விப்பட்டிருப்பீர்கள், பாதிதான் கேள்விப்பட்டிருப்பீர்கள். மீதி என்னிடம் இருக்கிறது.

அவர் தாராவி, நான் மாட்டுங்கா. நடந்தே போகிற தூரத்தில் வளர்ந்த இருவரும் முதன்முதலில் பார்த்துக்கொண்டது சிக்னல் பயிற்சி முகாமில். பிறகு ஒரே படைப்பிரிவுக்குப் போனோம். மற்றப் படைக்காரர்கள் எங்களைத் துப்பாக்கி தூக்காத சிப்பாய்கள் என்று கிண்டல் செய்வார்கள். ஒரு காலத்தில் கோவேறு கழுதை முதுகில் கம்பிச் சுருளை ஏற்றி மலை மலையாக இழுத்துப் போன பிரிவு எங்களுடையது. கம்பிக்குத் துணையாக ஒயர்லெஸ் வந்தபோதும் வேலை மாறவில்லை. படை முழுவதும் எங்கள் வழியாகத்தான் பேசும்; நாங்கள் பேசக் கூடாது. சுடலைமுத்து சொல்வார்: "வந்தத வந்த மாதிரிக் குடுக்கணும் வே. நம்ம வார்த்த ஒண்ணுகூட அதுல ஒட்டப்பிடாது."

வடக்கே பனிமலையில் இருந்த ஆண்டு அது. எங்கள் தலைமையிடத்துக்கு மேலே ஒரு காவல் சாவடி. அதில் ஆறு பேர். அவர்களில் கிஷன் சமையல்காரன்; ஒயர்லெஸ் ஆள் பாபுராவ், அம்பர்நாத்காரர். குறிலும் நெடிலுமாக மோர்ஸ் தந்தி தட்டும் ஒவ்வொருவருக்கும் ஒரு கை உண்டு, கையெழுத்து மாதிரி. பாபுராவ் கடைசி நெடிலை மட்டும் கொஞ்சம் இழுத்து விடுவார். யார் தட்டுகிறார் என்று பெயர் கேட்க வேண்டியதில்லை.

ஒரு நாள் காலை பத்து மணிக்கு அந்தச் சாவடிமேல் பனி சரிந்தது. டெலிபோன் கம்பி செத்தது. ஒயர்லெஸ்ஸில் கூப்பிட்டுப் பார்த்தோம், பதிலே இல்லை. மேலே இன்னொரு சரிவு எப்போது வேண்டுமானாலும் விழலாம் என்ற நிலை. ஆறு பேரும் போய்விட்டார்கள், மறுநாள் உடல்களை எடுக்கலாம் என்று கேப்டன் முடிவு செய்தார். சுடலைமுத்து மட்டும் ஹெட்போனைக் கழற்றவில்லை.

பிற்பகல் மூன்று மணி இருக்கும். வெளியே கண் கூசும் வெள்ளை. அவர் சட்டென்று பென்சிலை எடுத்து எழுதத் தொடங்கினார். எழுதி முடித்ததும் செய்திப் புத்தகத்தை என் பக்கம் திருப்பினார். 'பெரிய பாறைக்குக் கீழே இடப்பக்கம். கிஷன் உயிரோடு.' அவ்வளவுதான். தன்னைப் பற்றி பாபுராவ் ஒன்றும் அனுப்பவில்லை.

"அவன் கைதான் வே. கேட்டுப் பாரும்" என்று ஹெட்போனை என்னிடம் கொடுத்தார். நான் காதில் வைத்துக்கொண்டு மூச்சை அடக்கிக் கேட்டேன். வெறும் இரைச்சல். அதை அவரிடம் சொன்னேன். அவர் ஹெட்போனை வாங்கி மாட்டிக்கொண்டார்.

கேப்டன் வந்து புத்தகத்தைப் பார்த்தார். எட்டுப் பேரை அந்தச் சரிவுக்குக் கீழே அனுப்ப வேண்டும். ஒருவர் காதை மட்டும் நம்பி அனுப்ப முடியாது. என்னிடம் திரும்பி, நீயும் கேட்டாயா என்று இந்தியில் கேட்டார்.

"கேட்டேன் சாப்" என்றேன்.

ஏன் சொன்னேன் என்று பல வருடங்கள் எனக்கே தெரியவில்லை. எட்டுப் பேர் கிளம்பிப் போனார்கள். பொழுது சாயும் முன் வந்துவிட்டார்கள். பாறைக்குக் கீழே, இடப்பக்கம், சாவடி இருந்த இடத்திலிருந்து வெகு தூரம் தள்ளி, இரண்டு பேரைத் தோண்டி எடுத்திருந்தார்கள். சமையல்காரன் கிஷனுக்கு மூச்சு இருந்தது. பாபுராவ் விறைத்திருந்தார். கழுத்து முறிந்து, பனி விழுந்த அந்தக் கணமே இறந்திருக்கிறார் என்றார் டாக்டர். ஒயர்லெஸ் செட் இரண்டாகப் பிளந்து கிடந்ததாம். பேட்டரி அதில் இல்லவே இல்லை.

ஒரு மாதம் கழித்து விசாரணை வைத்தார்கள். உடைந்த செட்டிலிருந்து செய்தி எப்படி வரும்? சுடலைமுத்து கேட்டதைக் கேட்டபடியே சொன்னார். என்னைக் கூப்பிட்டார்கள். மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று அதிகாரிகள். "இரைச்சலாக இருந்தது, உறுதியாகச் சொல்ல முடியாது" என்றேன். அது உண்மை. உயரத்தில் மூளை குழம்பி அவராகக் கற்பனை செய்துகொண்டார், பாறை தற்செயல் என்று எழுதிவிட்டார்கள். அவருடைய ஹெட்போன் பறிபோனது. கம்பி இழுக்கும் பிரிவுக்குப் போட்டார்கள். ஓய்வு பெறும்வரை கம்பிச் சுருளைத் தோளில் சுமந்தார். எனக்குப் பதவி உயர்வு வந்தது.

விசாரணைக்குப் பிறகுதான் கிஷனால் சரியாகப் பேச முடிந்தது. ஆஸ்பத்திரிக்கு நாங்கள் இருவரும் போனோம். பனிக்குள் இருட்டில் கிடந்தபோது பக்கத்தில் தட்டும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது என்றான். பாபுராவின் கை அவன் மார்பின்மேல் கிடந்ததாம். கட்டை மாதிரிச் சில்லிட்டு, அசையாமல் கிடந்ததாம். சத்தம் மட்டும் நிற்கவில்லை. அதைக் கேட்டபோது சுடலைமுத்து என்னைப் பார்க்கவில்லை, ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே வந்ததும் நான் மன்னிப்புக் கேட்டேன். "மொதல்ல ஒண்ணு சொன்னீரு பாரும், அதுல ஒருத்தன் பொழச்சான். மத்தத விடும் வே" என்றார்.

ஊர் திரும்பிய பிறகு அவர் ஆண்டுக்கு ஒருமுறை அம்பர்நாத் போய் பாபுராவின் மனைவியைப் பார்த்து வருவார். ஒருமுறை நானும் போனேன். அந்த அம்மாள் தொழிற்சாலை வேலை முடிந்து வந்திருந்தார். கடைசியாகத் தனக்கு ஏதாவது சொன்னாரா என்று கேட்டார். இல்லை என்றார் சுடலைமுத்து. ஒரு வார்த்தை சேர்த்துச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அந்த அம்மாள், லீவில் வரும்போதெல்லாம் அவர் என் கையில் இப்படித் தட்டுவார், என்னவென்று நான் கேட்டதே இல்லை என்று சொல்லி, மேசைமேல் விரலால் தட்டிக் காட்டினார். மோர்ஸ் படிக்காதவர். கடைசி நெடில் இழுபட்டது. மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பது யார் என்று ஒரு கணம் தெரியவில்லை. சுடலைமுத்து மெதுவாகச் சொன்னார்: "உங்கள் பெயர்." அந்த அம்மாள் இன்னொருமுறை தட்டிப் பார்த்துக்கொண்டார்.

போன வாரம் கிஷனுக்கும் தகவல் சொன்னேன். மலையில் டீக்கடை வைத்திருக்கிறான், பேரன் எடுத்துவிட்டான். வெகுநேரம் அழுதான். பிறகு, இனி அந்தத் தட்டலைக் கேட்டவர்களில் மிச்சம் நீங்களும் நானும்தான் சாப் என்றான். என்னால் அதற்குமேல் தாங்க முடியவில்லை. நான் கேட்கவே இல்லை, அன்று பொய்தான் சொன்னேன் என்றேன். அவன் நிதானமாகக் கேட்டான்: "அப்போ யார் பேச்சை நம்பி ஆளை அனுப்ப வச்சீங்க சாப்?"

சுடலைமுத்துவின் பேச்சை என்றேன்.

அவரிடமிருந்து எனக்கென்று நான் வைத்துக்கொள்வது அந்த ஒரு நம்பிக்கைதான். விசாரணை அறையில் அதைக் கைவிட்டேன். அவரை அறிந்த உங்கள் எல்லோர் முன்பும் இப்போது எழுதிக் கொடுக்கிறேன். அன்று பிற்பகல் மூன்று மணிக்கு பாபுராவிடமிருந்து செய்தி வந்தது. சுடலைமுத்து அதைக் கேட்டார். எனக்குக் கேட்கவில்லை.