வத்தல் அளவுக் கொள்ளைக்காரர்கள்

எங்கள் வீட்டில் கடலைப் பார்த்தவர் மாமா ஒருவர்தான். அம்மாவின் தம்பியான அவர் கடலூர்த் துறைமுகத்தில் மூட்டை தூக்கினார். எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் ஏரியும், மேற்கே நீலமாய்ப் படுத்திருக்கும் கல்வராயன் மலையும்தான். அதனால் கடலைப் பற்றி மாமா எதைச் சொன்னாலும் நம்புவதைத் தவிர வேறு வழியில்லை.

நான் நான்காம் வகுப்பு முடித்திருந்த கோடையில் அவர் ஒரு பிளாஸ்டிக் பொம்மை கொண்டுவந்தார். சுண்டுவிரல் உயரம். ஒரு கால் கட்டை, ஒரு கண்ணில் கறுப்புப் பட்டை, கையில் வாள். கடல் கொள்ளைக்காரனாம். வெளிநாட்டுக் கப்பலில் வருகிறவர்கள் மேசைமேல் இப்படிப் பொம்மைகளைப் பரப்பிச் சண்டை விளையாடுவார்களாம். எங்களுக்கும் சொல்லிக் கொடுத்தார். ஞாயிற்றுக்கிழமை மாலை எனக்கும் அண்ணனுக்கும் போர். ஜெயிப்பவருக்கு அந்தப் பொம்மை.

அண்ணன் போட்டுக் கிழித்த சட்டை, அண்ணன் எழுதித் தேய்த்த சிலேட்டு என்று எல்லாமே எனக்கு இரண்டாவதாகத்தான் வந்து சேரும். இந்த ஒன்றாவது முதலில் என் கைக்கு வர வேண்டும் என்று நினைத்தேன். வெளியே சொல்லவில்லை. நான் எதையும் வெளியே சொல்கிற பிள்ளை இல்லை.

மேசைக்கு எங்கே போவது? கழற்றிப் போட்டிருந்த பழைய கதவை நான்கு செங்கல்மேல் வைத்து, துணிக்குப் போடும் நீலத்தைக் கரைத்துப் பூசினோம். கடல் வந்துவிட்டது. ஆட்களை ஏரிக் களிமண்ணில் செய்ய வேண்டும். ஆளுக்கு ஒரு கைப்பிடி மண், அதற்குமேல் கிடையாது. ஒரு முழம் தள்ளி நின்று கோலிக்குண்டைச் சுண்ட வேண்டும். விழுந்தவன் செத்தவன். யார் பக்கம் கடைசி ஆள் நிற்கிறானோ அவர்களுக்கு வெற்றி.

சண்டை அதற்கு முன்பே தொடங்கிவிட்டது. ஆள் எவ்வளவு பெரிசு?

"பொம்ம அளவு இருக்கணும். தலைவன் அவன்தானே?" என்றான் அண்ணன்.

"கப்பல் எவ்ளோ பெருசு மாமா?" என்று கேட்டேன்.

"நம்ம வூட்லேர்ந்து மாரியம்மன் கோயில் வரைக்கும் இருக்கும்."

அண்ணன் விரலால் அளந்து பார்த்தான். ஆள் சுண்டுவிரல் அளவென்றால் கப்பல் கதவை விட்டு இறங்கி, வாசலைத் தாண்டி, ஆட்டுக்கொட்டகைக்குள் போய் முட்டியது.

"அப்ப ஆள சின்னதாக்கணும்" என்றேன். புளியங்கொட்டை அளவில் ஒருவனைச் செய்து காட்டினேன். உடைந்த ஊசி முனையால் கண்ணும் வைத்திருந்தேன்.

"இது ஆளா, எறும்பா?" என்று சிரித்தான் அண்ணன். அவன் சிரித்தான், நான் வாயை மூடிக்கொண்டேன். ஒரு கைப்பிடி மண்ணில் அவனுக்கு ஏழு பேர் வருவார்கள், எனக்கு நாற்பதுக்குமேல் வருவார்கள், அத்தனை சின்ன ஆளைக் கோலியால் அடிப்பதும் கஷ்டம் என்பதையெல்லாம் நான் ஏற்கெனவே கணக்குப் போட்டு வைத்திருந்தேன்.

மாமா அன்று தீர்ப்புச் சொல்லவில்லை. அண்ணன் பக்கம்தான் சாய்வதாகத் தெரிந்தது.

இதற்கு நடுவில் அம்மா ஒரு செய்தியோடு வந்தார். "தம்பி, ஞாயித்துக்கெழம மத்தியானம் பொண்ணு வூட்டுக்காரங்க கை நனைக்க வராங்க. நீ எங்கயும் ஓடிடாத."

எங்கள் பக்கத்தில் சம்பந்தம் பேச வருகிறவர்கள் சம்மதம் இல்லாவிட்டால் அந்த வீட்டில் சாப்பிட மாட்டார்கள். சோற்றில் கையை நனைத்துவிட்டால் பாதிக் கல்யாணம் முடிந்த மாதிரி. திருநாவலூரில் பெண் பார்த்து வைத்திருந்தார் அம்மா. தாயில்லாத தம்பியைத் தூக்கி வளர்த்தவர் அவர். மாமா அவரிடம் இதுவரை ஒன்றுக்கும் மாட்டேன் என்று சொன்னதில்லை. அன்றும் சொல்லவில்லை. பொம்மையைக் கையில் வைத்துத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

மறுநாள் காலையில் திடீரென்று தீர்ப்பு வந்தது.

"பாப்பா சொன்னதுதான் சரி. சின்னதாவே செய்யி. உங்கம்மா கிள்ளி வெக்கிற வத்தல் கீதே, அந்த அளவு."

என் பேச்சை ஒருவர் எடுத்துக்கொண்டது அதுதான் முதல் தடவை. அண்ணன் முறைத்துக்கொண்டு போய்த் தன் இஷ்டப்படி ஏழு தடியன்களைச் செய்தான். நான் ஒரே மூச்சில் நாற்பத்து மூன்று பேரைச் செய்தேன். எங்கே காயவைப்பது என்றும் மாமாவே வழி சொன்னார். ஊருக்கு வெளியே பாறைமேல் அம்மா வெள்ளைத் துணி விரித்துக் கேழ்வரகு வத்தல் போட்டிருந்தார். அதன் ஓரத்தில் என் படை வரிசையாக வெயில் காய்ந்தது.

சனிக்கிழமை உச்சி வெயிலில் மாமா, "அக்கா, நான் போயி வத்தல அள்ளிக்கினு வரேன்" என்று கிளம்பினார்.

"தோள்ல கெடக்குற துண்ட மடிச்சி வெக்காதவன், வத்தல் அள்ளப் போறானாம்! கல்யாணம்னதும் பொறுப்பு வந்துடுச்சி பாரு" என்று அம்மா பூரித்துப்போனார்.

திரும்பி வந்தவரிடம் என் ஆட்களைப் பற்றிக் கேட்டேன்.

"பத்தரமா கீறாங்க" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை பெண்ணின் அப்பாவும் தாய்மாமனும் வந்தார்கள். இலை போட்டாகிவிட்டது. அடுப்பங்கரையில் ஒரே புகை. "இன்னா இது, செலது பொரியவே மாட்டுது?" என்று அம்மா கண்ணைக் கசக்கிக்கொண்டே வறுத்தார். சோறு வைத்தார். சாம்பாரை எடுக்கத் திரும்பினார்.

"சாம்பார் வர வரைக்கும் வத்தல கடிங்க. எங்கக்கா கைப்பக்குவம்" என்று உபசரித்தார் மாமா.

பெண்ணின் அப்பா ஒன்றை வாயில் போட்டார்.

கடக்.

அந்தச் சத்தம் வாசல்வரை கேட்டது. அவர் மெதுவாக வாயிலிருந்து அதை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். தாய்மாமனும் குனிந்து பார்த்தார்.

"இன்னா மச்சான், வத்தலுக்குக் கண்ணு வெச்சிக்கீது?"

"கண்ணு கெடக்கட்டும். மண்ணுய்யா! நல்ல காரியம் பேச வந்த எடத்துல வாயில மண்ணு!"

இதைவிடக் கெட்ட சகுனம் உலகத்தில் இல்லை. சாம்பார் வாளியோடு அம்மா அப்படியே நின்றார். வந்தவர்கள் இலையைத் தொடாமல் எழுந்தார்கள். "யோசிச்சிச் சொல்றோம்மா" என்று செருப்பை மாட்டினார்கள். கை நனையவே இல்லை.

அம்மா துடைப்பத்தை எடுத்துக்கொண்டு என்னைத் தேடினார். நான் குதிருக்குப் பின்னால் இருந்தேன். அடியைவிட, எண்ணெயில் வெந்து செத்த நாற்பத்து மூன்று பேரை நினைத்துத்தான் அழுதேன். ஏழு தடியன்கள் வாசலில் உயிரோடு நின்றார்கள். பொம்மை அண்ணனுக்குத்தான்.

"உடுக்கா, சின்னப் பொண்ணு" என்று மாமா குறுக்கே வந்து துடைப்பத்தைப் பிடுங்கினார். பிறகு குனிந்து, பொம்மையை என் கையில் வைத்து மூடினார். "நீதான் கெலிச்ச."

அண்ணன் கத்தினான். "சண்டயே நடக்கல மாமா!"

"நடந்துச்சிடா. நீ பாக்கல."

சின்ன அளவைத் தேர்ந்தெடுத்ததால்தான் ஜெயித்தேன் என்று பல வருடம் நம்பிக்கொண்டிருந்தேன். ஒரு வகையில் அது உண்மைதான்.

அடுத்த தை மாதம் மாமா கடலூரிலிருந்தே ஒரு அத்தையைக் கட்டிக்கொண்டு வந்தார். அம்மா பத்து நாள் பேசவில்லை. பதினோராம் நாள் ஆளனுப்பிக் கூப்பிட்டு விருந்து வைத்தார். அத்தை வீட்டுக்குள் வந்ததும் மாடத்தில் நின்ற என் பொம்மையைப் பார்த்துவிட்டார்.

"அய்ய, இது எங்க தம்பியுதாச்சே! நான்தானே உங்களாண்ட குடுத்தேன்? எப்பிடி இங்க வந்துச்சி?"

மாமா அவர் காதில் ஏதோ சொன்னார். அத்தை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வர, சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அப்புறம் என்னைக் கிட்டே இழுத்துக் கன்னத்தில் முத்தமிட்டார்.

அவர் எதற்காக அப்படிச் சிரித்தார் என்று எனக்குத் தெரியவில்லை. பொம்மையைத் திருப்பிக் கேட்டுவிடப் போகிறார் என்றுதான் பயந்தேன். எல்லோரும் சாப்பிட உட்கார்ந்த நேரம் பார்த்து அதை எடுத்துக்கொண்டு போய், யாரும் தேட மாட்டார்கள் என்று நினைத்து, அம்மாவின் வத்தல் டப்பாவில் ஒளித்து வைத்தேன்.