தாருக்கடியில் ஒரு தட்டு

நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். கோப்பு என்னிடம் இருக்கிறது. நேரம் எல்லாம் அதில் பதிவாகியிருக்கிறது.

நகரத்துத் தரை பகலில் எவ்வளவு வெப்பத்தை உள்ளே இழுக்கிறது என்று அளப்பது எங்கள் வேலை. அதை உணரும் உள்ளங்கை அகலத் தட்டு ஒன்றைத் தாருக்கடியில் புதைப்போம். கார் நிறுத்துமிடத்தின் மூலையில் நான் அதைத் தலைகீழாகப் புதைத்துவிட்டேன். உச்சி வெயிலில், தரை வெப்பத்தை வெளியே விடுவது போல, கழித்தல் குறியோடு எண்கள் வந்தன.

"யாரு வெச்சது?" என்றார் மேலதிகாரி.

அந்த மாதம்தான் என் வேலை நிரந்தரமாக வேண்டியிருந்தது. வாயைத் திறக்கவில்லை. கூட வேலை பார்த்த நெட்டை அண்ணன் என்னை ஒரு பார்வை பார்த்தார்.

"நாந்தான் சார். தூக்கக் கலக்கம்."

"நாளைக்குத் தோண்டித் திருப்பி வை."

வெளியே வந்ததும் சிரித்தார். "நீ ஏசியிலயே உக்காரு, மெழுகு பொம்மை. வெயில் பட்டா உருகிடுவ."

தோண்டவே வேண்டாம், கணினியில் குறியை மாற்றினால் போதும் என்று எனக்குத் தெரியும். சொன்னால் பேச்சு என் பக்கம் திரும்பும். சொல்லவில்லை.

மறுநாள் மதியம் தனியாகப் போனார். தோண்டுவதற்கு முன்பே வெயிலில் சுருண்டு விழுந்திருக்கிறார். சாயங்காலம்தான் காவலாளி பார்த்தார். விழுந்ததுமே உயிர் போயிருக்கும் என்றார்கள். எனக்கு அது ஒன்றுதான் ஆறுதல்.

ஒரு வாரம் கழித்துக் குறியை மாற்றினேன். பத்து நொடி வேலை.

அப்போதுதான் பார்த்தேன். அண்ணன் இறந்த மறுநாள், 12:34க்கு எண் சட்டென்று விழுகிறது. 3:02க்கு ஏறுகிறது. இடையில் அந்தத் தரைமேல் வெயிலே படாதது போல.

அடுத்த நாளும் 12:34. 3:02.

அதற்கடுத்த நாளும்.

நேரில் போனேன். கயிறு கட்டி அடைத்த மூலை. கார் இல்லை. மரம் இல்லை. மேகம் இல்லை.

12:34.

குனிந்து தாரில் கை வைத்தேன். சில்லென்றிருந்தது...

கையை நகர்த்தினேன். சில்லிப்பு நீண்டுகொண்டே போனது. ஓர் ஆள் நீளம். நெட்டை ஆள்.

அரைச் சாண் தள்ளி, தார் சுட்டது.

காதருகே ஒரு மூச்சு. இழுத்து... இழுத்து...

ஓடினேன்.

அன்று மாலையே அவர் வீட்டுக்குப் போனேன்.

"அண்ணி, தட்டைத் தப்பா வெச்சது அண்ணன் இல்ல. நான்."

"தெரியும். முந்தின ராத்திரியே சொன்னாரு," என்றார் அண்ணி. "நீ எப்ப வருவேன்னு பாத்துக்கிட்டிருந்தேன்."

உள்ளே போய் அண்ணனின் கைக்கடிகாரத்தை எடுத்து வந்தார். நாடியைப் பதியும் கடிகாரம். ஆள் விழுந்தால் அதையும் பதியும்.

"விழுந்ததுமே போயிட்டாருன்னு உங்கிட்டயும் சொன்னாங்களா?"

திரையை என் பக்கம் திருப்பினார்.

விழுந்தது 12:34.

நாடி நின்றது 3:02.