கீழே வைக்கக் கூடாத கலயம்

புளித்த கள்ளின் வாடை. இன்று காலை ரங்கூனை அடுத்த தன்லியின் ஊர்ப் பாலத்தைக் கடக்கும் பஸ்ஸில், யாரோ ஒரு பெண்ணின் கூடைக்குள்ளிருந்து எழுந்து வந்தது. பஸ் போயிற்று, பாலம் போயிற்று, என் நரைத்த தலையும் போயிற்று. ஒன்பது வயதுப் பெண்ணாக, ஒரு பழைய பிக்கப்பின் முன்சீட்டில் அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் நடுவில் நசுங்கிக்கொண்டிருந்தேன். அப்பாவின் மடியில் சிவப்புத் துணி கட்டிய மண்கலயம். அதற்குள் தாத்தா.

ரங்கூனில் நம் ஆட்கள் அஸ்தியை ஆற்றில்தான் கரைப்பார்கள். அப்பா கடல்தான் வேண்டும் என்றுவிட்டார். வயல்களும் படகுத்துறைகளும் ஒரு மலையும் தாண்டி, இரண்டாம் நாள் கடலோரச் சாலையில் இறங்கினோம். பள்ளிக்கூடம் இல்லை, கடல் உண்டு. துக்கத்துக்குப் போகிறவள் சிரிக்கக் கூடாதென்று உதட்டைக் கடித்துக்கொண்டே வந்தேன்.

தாத்தாவுக்கு ஒரு மகளும் இருந்தாள். பர்மியப் படகுக்காரர் ஒருவரோடு நான் பிறப்பதற்கு முன்பே போய்விட்ட அத்தை. எங்கள் வீட்டுச் சுவரில் அவள் படம் இருந்த இடத்தில் ஆணி மட்டும் மிச்சம். சாவுக்கும் அவளுக்குச் சொல்லி அனுப்பவில்லை. அவள் என் சாம்பலைக்கூடத் தொடக் கூடாது என்று தாத்தா கடைசியாகச் சித்தப்பாவின் கையைப் பிடித்துச் சத்தியம் வாங்கியிருந்தார். அப்பா அதைக் கேட்டுக்கொண்டார்.

முதல் கடற்கரையில் வெள்ளை மணல், தென்னை, டயரில் மிதக்கும் பிள்ளைகள். கூட்டம் என்றார் அப்பா. அடுத்ததில் பாறை. அதற்கடுத்த கிராமத்தில் மூங்கில் பரண்களில் கருவாடு காய்ந்தது, கரையெல்லாம் சேறு. அதுவும் ஆகாதாம். எதையும் குறை சொல்லாமல் சாப்பிடுகிறவர், கடலுக்குக் கடல் குறை கண்டுபிடித்தார்.

"எல்லாம் ஒரே கடலுதானே அண்ணே?" என்றார் சித்தப்பா.

அப்பா கலயத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். சித்தப்பா அவர் முகத்தை ஒருமுறை பார்த்துவிட்டு, கியரை மாற்றினார்.

நாலாவது ஊரின் முனையில், பனைக்கூட்டத்தின் அடியில் ஒரு கள்ளுக்கடை. தம்பி குடித்தால் மூன்று நாள் பேசாத அப்பா, அன்று தானே ஒரு மண்முட்டி கள் வாங்கி வந்து, அலுப்புத் தீர ஒரு வாய் குடி, நாங்கள் போய்வருகிறோம் என்றார். காரியத்துக்கு முன்னால் கள்ளா என்று எனக்கே திக்கென்றது. சித்தப்பா மறுக்கவில்லை. முட்டியை வாங்கிக்கொண்டு, கடலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார்.

படகுகளுக்கு நடுவில் ஒரு பெண் நின்றிருந்தாள். மீன்செதில் ஒட்டிய கைகள், கன்னத்தில் பர்மியப் பெண்கள் அரைத்துப் பூசும் தனக்கா. அப்பா நேராக அவளிடம் போனார். வேட்டியை மடித்துக் கட்ட வேண்டும், கலயத்தையோ கீழே வைக்கக் கூடாது. அதற்காகத்தான் சாப்பிடும்போதுகூட அண்ணனும் தம்பியும் அதைக் கை மாற்றிக்கொண்டு வந்தார்கள். நான் கையை நீட்டினேன்.

"நீ போட்டுடுவ" என்றார் அப்பா. பிறகு அவளிடம், "கொஞ்சம் பிடிம்மா."

மீன்காரிக்குத் தமிழ் எப்படிப் புரிந்தது என்று ஆச்சரியப்பட்டேன். அவள் இரண்டு கையாலும் வாங்கி மார்போடு அணைத்துக்கொண்டாள். ஒரு வேட்டியை மடித்துக் கட்ட அத்தனை நேரம் ஆகுமென்று எனக்கு அன்றுதான் தெரியும். அப்பா கட்டினார், அவிழ்த்தார், மறுபடி கட்டினார். அலை வந்தது, போனது, வந்தது. அவள் கலயத்தின்மேல் கன்னத்தைச் சாய்த்திருந்தாள். சிவப்புத் துணியில் தனக்கா ஈரமாக ஒட்டியது. அந்தத் துணியோடுதான் தாத்தா கடலுக்குள் போனார்.

திரும்பி வந்தபோது சித்தப்பா அதே இடத்தில் அப்படியே இருந்தார். முட்டி விளிம்புவரை நிறைந்திருந்தது. நுரையில் இரண்டு தேனீக்கள் செத்து மிதந்தன. கள் பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

அந்தப் பெண் வண்டிவரை வந்து, சித்தப்பா பக்கத்து ஜன்னலருகே நின்றாள். அவர் வண்டியைக் கிளப்பினார். அன்று ஒரு சொட்டும் குடிக்காத மனுஷர், முன்பின் தெரியாத ஒருத்தியிடம் எதற்காக இப்படிப் பொய் சொல்கிறார் என்று ரங்கூன் வரும்வரை எனக்கு விளங்கவேயில்லை. அவள் பக்கம் திரும்பாமல், ரோட்டைப் பார்த்தபடியே அவர் சொன்னார்:

"குடிச்சவன் கண்ணுக்கு எதுவும் தெரியாதுக்கா. நான் ஒன்னும் பாக்கல. உடம்பப் பாத்துக்க."