கடைசி எண் மட்டும் வேறு

மூன்று வருடங்களுக்கு முன்னால், ஒரு சனிக்கிழமை சாயங்காலம், சங்ககிரியில் எங்கள் வீட்டில் நடந்தது இது. அதற்கு முன் என்னுடைய ஒரு கெட்டிக்காரத்தனத்தைச் சொல்லியாக வேண்டும்.

கடைகளில் பில் போடும்போது போன் நம்பர் கேட்பார்கள் இல்லையா, எனக்கு அது அறவே பிடிக்காது. அரைக் கிலோ கடலைப்பருப்புக்கு என் நம்பர் எதற்கு? ஒருமுறை ஜவுளிக்கடைக் குலுக்கல் சீட்டில் நம்பரை எழுதிப் போட்டேன். அந்த வாரமே பிளாட் வேண்டுமா, லோன் வேண்டுமா என்று ஆரம்பித்துவிட்டார்கள். போனில் ஒரு தடவை குக்கர் தேடினால் பத்து நாளைக்கு எதைத் திறந்தாலும் குக்கர்தான்.

அதிலிருந்து யார் கேட்டாலும் கடைசி எண்ணை மட்டும் மாற்றிச் சொல்வேன். மற்ற ஒன்பதும் என்னுடையதே என்பதால் தடுமாறாமல் வாயில் வரும். இரண்டு வருடம் என் போன் நிம்மதியாக இருந்தது. அந்த நம்பரும் யாரோ ஒருவர் கையில் இருக்குமே என்று ஒருநாளும் யோசித்ததில்லை.

கல்யாணமாகி ஆறு வருடம் எங்களுக்குக் குழந்தை இல்லை. நடுவில் ஒருமுறை தரித்து, வீட்டில் எல்லோரும் ஊரெல்லாம் சொல்லி, இரண்டாம் மாதமே கலைந்துவிட்டது. ஆறுதல் சொல்லத் தெருவே திரண்டு வந்ததைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அதனால் மறுபடி நாள் தள்ளியபோது யாரிடமும் மூச்சு விடவில்லை, என் கணவரிடம்கூட. உள்ளூர் லேபில் ரத்தம் எடுப்பவரோ மாமியாருக்குத் தூரத்துச் சொந்தம். அந்தச் சனிக்கிழமை காலை பஸ் ஏறிச் சேலம் போய், என்னை யாருக்கும் தெரியாத ஒரு லேபில் ரத்தம் கொடுத்தேன். ரிசல்ட் மதியத்துக்குள் போனுக்கு வந்துவிடும் என்றார்கள்.

வரவில்லை. மூன்று மணி ஆயிற்று, நாலும் ஆயிற்று. லேபுக்குப் போன் போட்டுக் கேட்கப் பயம். நல்ல சேதி என்றால் அனுப்பியிருக்க மாட்டார்களா என்று நானே முடிவு கட்டிக்கொண்டு, பாத்திரம் தேய்க்கிற சாக்கில் அழுதுகொண்டிருந்தேன். அப்போது கூடத்தில் என் போன் அடித்தது. மாமியார் எடுத்துப் பேசிவிட்டு என்னிடம் கொண்டுவந்தார்.

"கண்ணு, ஆரோ டெய்லரம்மா. உன்ற ஜாக்கெட்டு அளவுல சந்தேகமாம். உன்கிட்டத்தான் பேசோணுமாம்."

நான் யாரிடமும் ஜாக்கெட் தைக்கக் கொடுக்கவில்லை. இது ஏதோ புதுவகை மோசடி என்று நினைத்து, ஈரக்கையோடு போனை வாங்கிக்கொண்டு கொல்லைப்பக்கம் போனேன்.

பேசியது ஒரு பெண். பின்னால் தையல் மெஷின் ஓடும் சத்தம். என் பெயரைக் கேட்டார். முதலில் நீங்கள் யார் என்றேன். பிறந்த தேதியைக் கேட்டார். அதெல்லாம் தர முடியாது என்றேன். சரியான ஆள்தானா என்று தெரியாமல் விஷயத்தைச் சொல்ல மாட்டேன் என்று அவர் நின்றார். விஷயம் தெரியாமல் பெயரைச் சொல்ல மாட்டேன் என்று நான் நின்றேன். இரண்டு நிமிடம் இப்படியே போனது. எனக்கு எரிச்சல் வந்து வைக்கப் போனேன்.

"ஏனுங்க, வச்சறாதீங்க. போன தீவாளிக்குப் பட்டுச்சீலை எடுத்து ஃபால்ஸ் அடிக்கக் குடுத்தீங்களா? அப்புறம் பல்லு டாக்டருகிட்டப் போனீங்க. மூணாவது தடவை வரச் சொன்னாங்களே, போகவே இல்லீங்களா?"

போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன். நான் பல் டாக்டரை ஏமாற்றியது என் கணவருக்கே தெரியாது.

பிறகுதான் எல்லாவற்றையும் சொன்னார். எருமப்பட்டியில் வீட்டிலேயே துணி தைக்கிறவர். இரண்டு வருடமாக எனக்கு வரவேண்டிய மெசேஜ் எல்லாம் அவருக்குத்தான் போயிருக்கிறது. என் பிறந்தநாள் வாழ்த்தும், பிளாட்டும் லோனும்கூட. எனக்கு அவமானமாகப் போய்விட்டது. என் தொல்லையை ஒழிக்கவில்லை, முகம் தெரியாத ஒருவர் தலையில் கட்டியிருக்கிறேன். லேபிலும் பழக்கதோஷத்தில் அதே நம்பரைத்தான் சொல்லியிருக்கிறேன் என்பது அப்போதுதான் உறைத்தது. பெயரையும் பிறந்த தேதியையும் கடகடவென்று ஒப்பித்தேன்.

அவர் குரலைத் தாழ்த்தினார்.

"பக்கத்துல ஆரும் இல்லீங்களே? லேப்புல இருந்து வந்துச்சுங்க. தொறந்து பாத்துட்டேன், மன்னிச்சுக்கங்க. பாசிட்டிவ்னு போட்டிருக்குதுங்க."

துணி துவைக்கிற கல்லிலேயே உட்கார்ந்துவிட்டேன். அழாதீங்க சாமி, அழாதீங்க என்று சொல்லிக்கொண்டே அவரும் மூக்கை உறிஞ்சினார்.

என் நம்பர் எப்படிக் கிடைத்தது என்று கேட்டதற்குச் சிரித்தார். கடைசி எண்ணை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தாராம். ஆறு பேருக்கு அடுத்து நான். ஆண் குரல் கேட்டால் பேசாமல் வைத்துவிட்டாராம். வயதானவர் குரல் கேட்டதும், வீட்டுப் பெரியவர்களுக்குத் தெரியக்கூடாததாக இருக்கலாம் என்று ஜாக்கெட் கதையைக் கட்டியிருக்கிறார். கடைசி எண்ணில்தான் கோளாறு என்று எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்றேன்.

"நானும் கடைல அப்படித்தானுங்க சொல்லுவேன். என்ற மெசேஜெல்லாம் ஆரு படிக்கறாங்களோ."

நாங்கள் சிரித்த சிரிப்பில் மாமியார் எட்டிப் பார்த்து, அளவு சரியாகிவிட்டதா என்று கேட்டார். சரியாகிவிட்டது என்றேன்.

அன்று கணவர் வீட்டுக்கு வந்ததும் அவரிடம் மட்டும் சொன்னேன். மாமியாருக்கு மூன்று மாதம் முடிந்த பிறகுதான் சொன்னோம். அதுவரை வாரம் தவறாமல் டெய்லரம்மா போன் செய்து "அளவு" விசாரித்தார். ஒரு ஜாக்கெட்டுக்கு இத்தனை அக்கறையா என்று மாமியாருக்கு ஒரே ஆச்சரியம். மகள் பிறந்ததும் டெய்லரம்மா என் முகவரி கேட்டார். பருப்புக் கடைக்கே நம்பர் தராத நான் கதவு எண், தெரு, பின்கோடு எல்லாம் எழுதி அனுப்பினேன். பார்சலில் ஒரு பூப்போட்ட கவுன் வந்தது. அளவு கொஞ்சம்கூடப் பிசகவில்லை.

இப்போதெல்லாம் கடையில் நம்பர் கேட்டால், தர இஷ்டமில்லை என்று நேராகவே சொல்லிவிடுகிறேன். சொல்லும்போதெல்லாம், என் மகள் வரப்போவதை எனக்கு முன்பே தெரிந்துவைத்துக்கொண்டு, என்னைத் தவிர ஒரு உயிரிடமும் வாய் திறக்காத அந்த எருமப்பட்டிக்காரரை நினைத்துச் சிரிப்பும் வருகிறது, கண்ணும் நனைகிறது.