லக்ஸம்பர்க் சந்தாபுரா பஸ் ஏறிய நாள்

மழையில் நனைந்த குடைகளின் வாசனை, அதன் மேல் பின் பெஞ்சில் யாரோ திறந்து வைத்த பிசிபேளேபாத்... எங்கள் ஐரோப்பிய யூனியன் அப்படித்தான் மணக்கும்.

தொண்ணூறுகளின் பிற்பகுதி. ஓசூர் ரோடு பக்கம் ஒரு காலேஜில் பொலிட்டிக்கல் சயின்ஸ் படித்துக்கொண்டிருந்தேன். சோவியத் உடைந்து பிறந்த நாடுகளோடு ஐரோப்பிய யூனியன் ஒத்துழைப்பு ஒப்பந்தங்கள் போட்டுக்கொண்டிருந்த காலம். அதை வகுப்பிலேயே நடத்திப் பார்க்கச் சொன்னார் ஷீலா மிஸ். பதினைந்து பேர், பதினைந்து உறுப்பு நாடுகள். ஒப்பந்தம் கேட்டு நிற்கும் நாடு நான். மால்டோவா! அட்லஸில் அதைத் தேடவே அரை பீரியட் போனது.

வெள்ளிக்கிழமை காலைக்குள் பதினைந்து பேரும் கையெழுத்துப் போட்டால், மைசூரில் நடக்கும் இதே மாதிரிக் கல்லூரிப் போட்டிக்கு நான்தான் போவேன். ஹாஸ்டலில் தங்கலாம்! வீட்டை விட்டு ஒரு ராத்திரிகூட வெளியே தங்காதவளுக்கு மைசூர்தான் ஐரோப்பா.

முதல் முட்டுக்கட்டை பிரான்ஸ். அதாவது பிலோமினா. கிறிஸ்துமஸுக்கு வீட்டிலேயே திராட்சை வைன் போடும் குடும்பம்.

"உங்க மால்டோவா வைன் சீப்பா உள்ள வந்தா எங்க விவசாயி இன்னாடி பண்ணுவான்?"

"இவ்ளோதான் வரும்னு கோட்டா வெச்சிக்கலாம்டி."

"எழுதிக் குடு."

எழுதிக் கொடுத்தேன். கையெழுத்துப் போட்டாள். மற்றவர்களும் வரிசையாகப் போட்டார்கள். வியாழன் சாயங்காலம் பார்த்தால்... லக்ஸம்பர்க்கை மட்டும் காணோம்.

லக்ஸம்பர்க் என்றால் செல்வம். "உன் நாட்ட விட உங்க சந்தாபுரா பெருசுடா" என்று எல்லோரும் ஓட்டியதில் கோபித்துக்கொண்டு ஊருக்குப் பஸ் ஏறிவிட்டான். ஓடிப்போய் நானும் தொற்றிக்கொண்டேன்.

"ஒரே ஒரு சைன்டா, செல்வம்."

"இத்தினி மீட்டிங் போட்டீங்களே, லக்ஸம்பர்க் இன்னா நினைக்குதுன்னு ஒருத்தராச்சும் கேட்டீங்களா? ஸ்பீச் எழுதி வெச்சிருக்கேன். முழுசா கேளு. அப்புறம்தான் சைன்."

கேட்டேன். பொம்மனஹள்ளி தாண்டியும் கேட்டேன். நிலக்கரி, எஃகு, சின்ன நாடுகளின் மானம்... மொத்த பஸ்ஸும் கேட்டது.

"பாஷண முகீதா? டிக்கெட் தகொள்ளி!" பேச்சு முடிந்ததா, டிக்கெட் வாங்குங்கள் என்று கன்னடத்தில் கேட்டுக் கண்டக்டர் கையை நீட்டிய பிறகுதான் செல்வம் பேனாவைத் திறந்தான்.

வீட்டில் அப்பா ஒப்பந்தத்தைப் பார்த்துச் சிரித்தார்.

"பதினஞ்சு நாடு ஓகே சொல்லிடுச்சு. உங்கம்மா இன்னும் சொல்லலியே."

அம்மா ஆரம்பித்தாள். "யார் யார் வர்றாங்க? கூட டீச்சர் உண்டா? பாத்ரூம்ல தாழ்ப்பா இருக்குதா?" வழக்கமாகப் பாதியிலேயே சண்டைக்குப் போகிற நான், அன்று குறுக்கே பேசாமல் உட்கார்ந்து கேட்டேன். கேட்கக் கேட்க அம்மாவின் சுருதி இறங்கியது. கடைசியில், "ஸ்வெட்டர் எடுத்துக்கோ."

மைசூருக்கு ஸ்வெட்டர்! எடுத்துக்கொண்டு போனேன்.

இப்போது எலெக்ட்ரானிக் சிட்டியில் தனியாக இருக்கிறேன். எந்த ஊருக்கென்றாலும் டிக்கெட் போட்ட பிறகுதான் அம்மாவிடம் சொல்கிறேன்.

"சரிம்மா... உன் இஷ்டம்" என்கிறாள் அம்மா.

அவ்வளவுதான். நான் போனை வைக்காமல் கொஞ்சம் காத்திருக்கிறேன், ஏதாவது ஆட்சேபணை வருமா என்று.