ரிப்பன் ஒட்டிய டிரம்

புற்றுநோயைக் கண்டுபிடிக்க ஊருக்குள் வண்டி அனுப்புகிறவர்களே, அதை வரவழைக்கக்கூடிய ஒன்றையும் அன்பளிப்பாக இறக்கிவிட்டுப் போனால், அந்த வண்டியை நம்பச் சொன்னவளின் வார்த்தைக்கு இனி என்ன மதிப்பு? வடக்குப்பட்டில் ஒரு லைன் வீட்டின் முற்றத்தில், மூடி திறந்த ஒரு நீல டிரம்முக்கு முன்னால் நின்றபோது எனக்குள் எழுந்த கேள்வி இது.

சமூகப்பணியில் முதுகலை முடித்ததும் ஒரு புற்றுநோய் அறக்கட்டளையில் களப்பணியாளராகச் சேர்ந்தேன். ஒரகடத்தைச் சுற்றியுள்ள ஊர்களில் பெண்களுக்கு மார்பகப் பரிசோதனை முகாம் நடத்துவது எங்கள் வேலை. கருவிகள் பொருத்திய வேனுடன் மருத்துவரும் செவிலியரும் சென்னையிலிருந்து வருவார்கள். செலவை அந்தப் பகுதியிலிருந்த ஒரு பெயிண்ட் தொழிற்சாலை ஏற்றுக்கொண்டிருந்தது. பெண்களை வேன் வரைக்கும் அழைத்து வருவது மட்டும் என் பொறுப்பு. கேட்பதற்கு எளிதாக இருக்கும். ஷிப்டுக்குப் போகிறவளுக்கு நேரமில்லை, வீட்டிலிருப்பவளுக்குக் கூச்சம், பயம் இருவருக்கும் பொது.

அறக்கட்டளையின் இயக்குநரை நாங்கள் மேடம் என்போம். அவரே இந்த நோயிலிருந்து மீண்டவர். கூட்டங்களில் தன் கூந்தலை அவிழ்த்து, முன்வரிசைப் பெண்களைத் தொட்டுப் பார்க்கச் சொல்வார். சிகிச்சையில் கொட்டியதெல்லாம் திரும்ப வளர்ந்துவிட்டது, பார்த்தீர்களா என்பார். அதைவிட நேர்மையான பிரசாரத்தை நான் அதுவரை கண்டதில்லை. அவரிடம் நான் வைத்திருந்தது ஊழியரின் மரியாதையைவிடப் பெரியது.

அந்த லைன் வீட்டை நடத்தும் அக்கா, ஒப்பந்தத் தொழிலாளர்களுக்கு அறைகளை வாடகைக்கு விட்டிருந்தார். அவருடைய மூத்த சகோதரி மார்பகப் புற்றுநோயில் இறந்தவர். பல நாள் பழகிய பின்பு, துணி துவைத்துக்கொண்டே ஒருமுறை என்னிடம் சொன்னார்: “எனக்கும் இங்க கல்லு மாதிரி இன்னாவோ கீதுமா. யாரான்டயும் சொல்லிக்கினு இருக்காத.” அன்றே மருத்துவமனைக்கு அழைத்தேன், மறுத்தார். மருத்துவமனை என்றாலே இறந்த சகோதரியின் கடைசி நாட்கள்தான் அவருக்கு நினைவு வரும். மாதக்கணக்கில் பேசித்தான், ஊருக்கே வேன் வந்தால் ஏறிப் பார்ப்பதாக ஒப்புக்கொண்டார். நீ கூட இருந்தால் மட்டும், என்றார்.

அந்த முற்றத்தில்தான் டிரம்களை முதலில் கவனித்தேன். அங்கே லாரித் தண்ணீரைப் பிடித்துவைப்பது பெரிய நீல டிரம்களில். அவை தொழிற்சாலைகளில் ரசாயனம் வந்த டிரம்கள். காலியானதும் காயலான் கடைக்குப் போய், அங்கிருந்து வீடுகளுக்கு வருகின்றன. வாங்கியவுடன் புளியும் வேப்பிலையும் போட்டுத் தண்ணீர் நிரப்பி ஊறவைப்பார்கள். வாடை போய்விட்டால் உள்ளே இருந்ததும் போய்விட்டது என்பது அந்தப் பக்கத்தில் எல்லோருடைய நம்பிக்கை. பிளாஸ்டிக் உறிஞ்சிவைத்திருப்பது மூக்குக்குத் தெரியாமலே கசியக்கூடும் என்று யாரும் அவர்களுக்குச் சொன்னதில்லை. ஒரு டிரம்மினால்தான் ஒருவருக்குப் புற்றுநோய் வந்தது என்று என்னால் நிரூபிக்க முடியாது. ஆனால் தவிர்க்கக்கூடிய ஒன்றைத் தவிர்க்கச் சொல்வதற்கு நிரூபணம் வரும்வரை காத்திருக்க வேண்டுமா?

மேடமிடம் இரண்டு கோரிக்கைகள் வைத்தேன். நம் கூட்டங்களில் டிரம்மைப் பற்றியும் பேச வேண்டும். பழையதைக் கைவிடுகிறவர்களுக்குத் தண்ணீருக்கென்றே செய்த புதியதைத் தர வேண்டும். இரண்டையும் ஏற்றுக்கொண்டார். லேபிளில் இருக்கும் அபாயக் குறிகளின் படங்களைக் காட்டி நான் பேசத் தொடங்கினேன். சில வாரங்களில், தொழிற்சாலையே டிரம்களைத் தருகிறது என்று மேடம் சொன்னபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. என் பேச்சை நம்பி அக்கா தன் டிரம்களைக் காயலான் கடைக்கே திருப்பிப் போட்டார்.

முகாம் ஞாயிற்றுக்கிழமை. முன்பதிவு செய்த பெண்களுக்கு வெள்ளியன்றே டிரம் வழங்கினார்கள். ஒவ்வொன்றிலும் மார்பகப் புற்றுநோய் விழிப்புணர்வுச் சின்னமான இளஞ்சிவப்பு ரிப்பனின் படம் தாம்பாளம் அளவுக்கு ஒட்டியிருந்தது. புகைப்படம் எடுத்தார்கள். அக்கா வீட்டுக் குடித்தனக்காரர்கள் சிரித்துக்கொண்டே உருட்டிப் போனார்கள்.

மறுநாள் காலை, முகாமுக்கு வரும் நேரத்தை நினைவூட்டப் போனேன். அக்கா டிரம்மைக் காட்டி, மூடியைத் திறந்து மோந்து பார்க்கச் சொன்னார். வெயில் பட்டுச் சூடேறியிருந்த டிரம்முக்குள்ளிருந்து, பெயிண்டில் கலக்கும் தின்னரின் வாடை எழுந்து வந்தது. கழுவும்போது ஸ்டிக்கரின் ஓரம் கிளம்பியிருக்கிறது. மிச்சத்தை அவரே உரித்திருந்தார். அடியில் பழைய லேபிள். அதில் சிவப்புக் கட்டத்துக்குள் ஒரு மனித உருவம், மார்பில் நட்சத்திரமாக வெடித்த வெள்ளைக் கோடுகள்: புற்றுநோய் போன்ற கேடுகளுக்கான எச்சரிக்கைக் குறி.

“நெஞ்சு வெடிச்சாப்ல போட்டுக்கிறானே, இதத்தான நீ அன்னிக்கு போட்டோல காட்டுன?”

ஆமாம் என்றேன்.

“காயலான் கடையில வாங்குனத வேணாம்னு தூக்க வெச்ச. இப்ப உங்காளுங்களே அதுக்குப் பூ ஒட்டிக் குடுத்துக்கிறாங்க.” குரலை உயர்த்தவில்லை. பிறகு கேட்டார்: “நாளைக்கு அந்த வேன்ல இன்னா ஒட்டி இன்னாத்த மறைச்சி வெச்சிருப்பாங்கன்னு நான் எப்டிமா நம்பறது?”

நேராக எங்கள் ஸ்ரீபெரும்புதூர் அலுவலகத்துக்குப் போனேன். தவறு நடந்துவிட்டது, மேடமுக்குத் தெரிந்தால் துடித்துப்போவார் என்று பஸ் முழுக்க எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவர் துடிக்கவில்லை.

“நல்லா கழுவித்தாம்மா குடுத்திருக்காங்க. லேபிளப் பாத்தா பயப்படுவாங்கன்னு ஸ்டிக்கர பெருசா அடிக்கச் சொன்னதே நான்தான்.”

தண்ணீருக்கென்றே செய்த டிரம் அல்லவா கேட்டோம் என்றேன். கேட்டதைக் கொடுக்கும் நிலையில் அவர்கள் இல்லை, கொடுத்ததை மறுக்கும் நிலையில் நாம் இல்லை என்றார். இதைப் பெரிதுபடுத்தினால் வேன் நிற்கும். வேன் நின்றால் எத்தனை பெண்களின் கட்டி தெரியாமலே வளரும் என்று யோசித்தாயா என்று கேட்டார். அந்தக் கேள்வி பொய்யானதல்ல. அக்காவைப் பற்றிச் சொன்னேன். கட்டி இருக்கிறது, இனி வரமாட்டார் என்றேன்.

“வராதவங்களுக்காக வர்றவங்கள விட முடியாதுமா.”

கூந்தலை அள்ளி முடிந்துகொண்டு அடுத்த தொலைபேசி அழைப்பை எடுத்தார்.

ஞாயிறன்று முகாம் நன்றாகவே நடந்தது. இரண்டு பெண்களை மேல்பரிசோதனைக்கு அனுப்பினார்கள் என்று பின்னால் கேள்விப்பட்டேன். அந்த வேன் வராதிருந்தால் அவர்களுக்குத் தெரிந்திருக்காது என்பதை இன்றும் என் கோபத்துக்கு எதிர்த்தட்டில் வைத்துத்தான் பார்க்கிறேன். அன்று நான் வேனருகில் நிற்காமல், அந்த டிரம்மில் தண்ணீர் பிடிக்க வேண்டாம் என்று வீடு வீடாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். சிலர் கவிழ்த்து வைத்தார்கள். பலர் சிரித்தார்கள். “குடுக்கறதும் நீங்க, வேணாங்கறதும் நீங்களா? முதல்ல உங்களுக்குள்ள பேசி முடிச்சிட்டு வாங்க,” என்றாள் ஒருத்தி. நான் அடுத்த வாசலுக்குப் போனேன். அக்கா வீட்டுக் கதவு சாத்தியிருந்தது.

அந்த மாதமே வேலையை விட்டேன். வேன் இன்னும் அந்த ஊர்களுக்கு வருகிறது. அக்கா தண்ணீருக்குச் சிமெண்ட் தொட்டி கட்டிவிட்டார். நான் போனால் டீ கொடுக்கிறார், குடித்தனக்காரர்களைப் பற்றிப் பேசுகிறார். அரசு மருத்துவமனைக்கு நான் கூட வருகிறேன் என்று தொடங்கினால் எழுந்து உள்ளே போய்விடுகிறார். அவர் இன்றுவரை எந்தப் பரிசோதனையும் செய்துகொள்ளவில்லை.